தண்ணீர் ஊற்றிக் கழுவிய கோர்ட்

அந்த சீசனில் எங்கள் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணி பத்து மேட்ச் ஆடியது. லீகில் எங்களையும் சேர்த்து ஆறு கல்லூரிகள். மற்ற ஒவ்வொன்றோடும் அவர்கள் ஊரில் ஒரு முறை, எங்கள் ஊரில் ஒரு முறை. நான் கேப்டன். பந்தை மேலே கொண்டுபோய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் இடத்தில் ஆடினேன். முதல் மேட்ச் பெங்களூரில், ஒரு பெரிய கல்லூரியோடு. அதில் தோற்றோம். தோல்வியைவிட, மேட்சுக்கு முந்தைய அரைமணி நேரம்தான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அவர்களுடையது உள்ளரங்கம், மரத்தரை. வாசலிலேயே அவர்களுடைய கோச் எங்களை நிறுத்தி, ஒவ்வொருவராக ஷூவின் அடிப்பாகத்தைக் காட்டச் சொன்னார். ஒன்பது பேருடைய ஷூவிலும் வரிப்பள்ளங்கள் நிறைய சாம்பல் நிற மண் அடைத்திருந்தது. கோலார் தங்க வயலில், எங்கள் கே.ஜி.எஃப்.பில், ஆடுகிறவர்களின் ஷூ அப்படித்தான் இருக்கும். சுரங்கத்திலிருந்து எடுத்த கல்லை அரைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய கழிவு மண் எங்கள் ஊரில் மலை மலையாக நிற்கிறது. சயனைட் மேடு என்போம். காற்று அடித்தால் அது மாவு போலக் கிளம்பி வந்து எல்லாவற்றின் மேலும் உட்காரும்.

கோச் ஒரு பக்கெட்டும் இரண்டு பிரஷ்ஷும் கொண்டுவரச் சொன்னார். நாங்கள் ஒன்பது பேரும் வராந்தாவில் உட்கார்ந்து ஷூ கழுவினோம். உள்ளே அவர்கள் வார்ம்-அப் செய்துகொண்டிருந்தார்கள். ஒன்பதாம் நம்பர் பனியன் போட்ட பெண் மட்டும் வெளியே வந்து எங்களை போனில் வீடியோ எடுத்தாள். ஈர ஷூவோடு நாங்கள் உள்ளே போனபோது நடுவர் விசில் ஊதினார். எங்களுக்கு வார்ம்-அப் கிடையாது. மரத்தரையில் முதல் ஐந்து நிமிடம் நிற்கவே முடியவில்லை.

சாயங்கால ரயில் ஊர் வந்து சேர்வதற்குள் அந்த வீடியோ எங்கள் போனுக்கு வந்துவிட்டது. கீழே கன்னடத்தில் எழுதியிருந்தார்கள்: கோலார் பெண்கள் தங்கம் அலசுகிறார்கள். பக்கத்தில் சிரித்து அழும் பொம்மை முகங்கள், ஏழு.

ராபர்ட்சன்பேட்டையில் நாங்கள் கிரிப் டேப் வாங்கும் கடைக்காரர் இரண்டு நாள் கழித்து என்னைப் பார்த்ததும் தராசுத் தட்டை முன்னால் தள்ளினார்.

"வாம்மா கேப்டன். எவ்ளோ கிராம் தேறிச்சி?"

"இன்னாங்கண்ணா நீங்களும்."

"இல்லம்மா, நம்ம ஊர்ல இருபது வருசமா ஒண்ணும் கெடைக்கல. ஷூவுல இருக்குதுன்னு முன்னாடியே தெரிஞ்சிருந்தா மைன்ஸ மூடியே இருக்க மாட்டாங்களே."

கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து வீடியோவை போனில் சேமித்துக்கொண்டேன். தினமும் காலை பயிற்சிக்குக் கிளம்பும் முன் ஒருமுறை பார்ப்பேன். நாற்பத்திரண்டு விநாடி. முடிவில் படம் எடுத்தவளின் முகம் ஒரு கணம் கண்ணாடிக் கதவில் தெரியும். அவர்கள் எங்கள் ஊருக்கு வரும் மேட்ச் அட்டவணையில் ஆறாவது. அதற்கு நடுவே நான்கு மேட்ச் ஆடினோம், மூன்று ஜெயித்தோம். அவற்றைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. நான் ஆறாவதற்காகக் காத்திருந்தேன்.

எங்கள் அணியில் வேறு ஒன்றுக்காகக் காத்திருந்தவள், கூடைக்கு அடியில் நின்று ஆடும் எங்கள் சென்டர். அணியிலேயே உயரமானவள். ஸ்கெலட்டன் என்கிற சுரங்கக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை தள்ளி அவள் வீடு. ஒரே சர்ச். அவள் அப்பா தினமும் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குப் போய் ஒரு அலுவலக வாசலில் செக்யூரிட்டியாக நின்றுவிட்டு வருவார். நின்ற இடத்திலிருந்து எகிறி, மேலேயே பந்தை வாங்கி, கீழே இறங்கும் முன் கூடையில் போடுவாள் அவள். அதுதான் அவளுடைய ஆட்டம். பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் அம்மையார் ஆறாவது மேட்சைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"யுனிவர்சிட்டி சர்டிபிகேட் இருந்தா ரயில்வே வேலைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல அப்ளை பண்ணலாம்டி" என்று பயிற்சி முடிந்து நடந்து வரும்போது சொன்னாள். "எங்கப்பா ஒக்கார எடமில்லாம நின்னுகிட்டே போறாரு இல்ல, அந்த ரயில்லயே பாஸ் வெச்சிகினு ஒக்காந்து போவாரு." அது அவளுக்குக் கடைசி வருடம். இன்னொரு சீசன் கிடையாது. எல்லாம் எனக்குத் தெரியும்.

எங்கள் கோர்ட் நந்திதுர்க் பக்கம், மைன்ஸ் காலத்தில் போட்ட சிமெண்ட் தரை. மேட்ச் அன்று காலை அதைத் தயார்செய்ய ஒரு முறை உண்டு. முதலில் தென்னந்துடைப்பத்தால் மூன்று தடவை காய்ந்தபடியே பெருக்க வேண்டும். பிறகு கோணிச் சாக்கை நனைத்து, ஒரு சொட்டு விழாதபடி பிழிந்து, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்துக் கோர்ட் முழுக்க இழுக்க வேண்டும். தண்ணீரை நேராக ஊற்றவே கூடாது. அந்த மண்ணில் தண்ணீர் பட்டால் ஊறின சோப்பு மாதிரி ஆகிவிடும். மழை பெய்த மறுநாள் மேட்டுக்குக் கீழே இருக்கும் ரோட்டில் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டுதான் போவோம். ஊரில் இது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆறாவது மேட்ச் நடந்த அந்தச் சனிக்கிழமை விடிந்ததிலிருந்து காற்று. மூன்று தடவை பெருக்கியும் தரை மறுபடி வெளுத்தது. வானமும் மூடியிருந்தது. எங்கள் பி.டி. மேடம் விருந்தாளிகளுக்கு பிஸ்கட்டும் தண்ணீர் பாட்டிலும் வாங்க ஆட்டோவில் ராபர்ட்சன்பேட்டை போயிருந்தார். நாங்கள் சாக்கை நனைக்கப் போகும் நேரத்தில் பெங்களூர் வேன் வந்து நின்றது. முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டார்கள்.

அவர்களுடைய கோச் நேராகக் கோர்ட்டுக்குள் வந்தார். குனிந்து ஒரு விரலால் தரையைத் தொட்டு, விரலைத் தன் அணிக்குத் தூக்கிக் காட்டினார்.

"ஏன்ரீ இது, கலீஜு. நீரு ஹாகி தொளீரி" என்றார் என்னிடம். தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்கிறார்.

தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல எங்களில் சின்னவள் வாயைத் திறந்தாள். "சார், நீரு ஹாகிதரே…"

நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "ஆய்த்து சார்" என்றேன். "சரி சார்" என்று தமிழிலும் சொன்னேன்.

தொட்டியில் தண்ணீர் இருந்தது. பக்கெட்டுகள் நான்கு. முதல் பக்கெட்டை நானே நடுவட்டத்தில் ஊற்றினேன். சாம்பல் நிறம் கறுத்துப் பரவியது. எங்கள் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு மாற்றி மாற்றி பக்கெட்டுகளை எடுத்தார்கள். சென்டர் மட்டும் எடுக்கவில்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பினாள்.

"இன்னாடி பண்ற நீ? இன்னிக்கி செலக்டர் வராங்க."

"வரட்டும்."

"இதுல நான் எப்டிடி எகிறது?"

"எகிறாத. இன்னிக்கி ஒருத்தரும் எகிற மாட்டாங்க. நின்னுகினே ஆடு."

"எகிறாம என்ன பாத்து யாரு எடுப்பாங்க?"

நான் அந்த வேன் பக்கம் பார்த்தேன். ஒன்பதாம் நம்பர் கீழே இறங்கி லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். சென்டர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய், கூடைக்குக் கீழே இருந்த தண்ணீரை மட்டும் தனியாகத் தள்ளிப் பார்த்தாள். தள்ளத் தள்ள அது குழம்பாகித் தரையில் இழுபட்டது.

பி.டி. மேடம் திரும்பி வந்தபோது நான்கு பக்கெட்டும் காலி.

"யாரு தண்ணி ஊத்தினது?"

"நான்தான் கழுவச் சொன்னேன் மேடம், ரொம்ப அழுக்கா இருந்தது" என்று அந்தக் கோச் ஆங்கிலத்தில் சொன்னார். மேடம் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் பனியனைச் சரிசெய்துகொண்டேன்.

நடுவர் காலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, இரண்டு பக்கமும் சம்மதமா என்று கேட்டார். அவர்களுக்கு மதியத்துக்குள் வேன் திரும்ப வேண்டும். கோச் ஆடலாம் என்றார். நானும் ஆடலாம் என்றேன்.

ஈரச் சயனைட் மண்ணில் நடக்க எங்களுக்கு வரும். முழங்காலை மடக்கி, பாதம் முழுவதையும் பதித்து, சின்னச் சின்ன அடியாக வைக்க வேண்டும். ஓடக்கூடாது, பந்தைத்தான் ஓட விட வேண்டும். அவர்கள் ஓடினார்கள். முதலில் விழுந்தது ஒன்பதாம் நம்பர். பந்தோடு திரும்பினாள், இரண்டு காலும் ஒரே நேரத்தில் முன்னால் போயின. உட்கார்ந்தபடியே ஒரு கஜம் வழுக்கிக்கொண்டு வந்து என் காலருகில் நின்றாள். சிரிக்கக்கூடாது என்று அணிக்கு முன்பே சொல்லியிருந்தேன். ஒருத்தியும் சிரிக்கவில்லை. நான் கையைக்கூட நீட்டவில்லை. அவள் எழுந்தபோது வெள்ளை அரைக்கால் சட்டையின் பின்பக்கம் முழுக்க எங்கள் ஊர் இருந்தது.

சுவர் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு காலத்தில் கேஜ் என்கிற கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி வேலை செய்த பெரியவர் ஒருவர் அங்கிருந்தபடியே சொன்னார்:

"பாத்து வாம்மா. உள்ள போயிட்டா தூக்கறதுக்கு இப்ப கேஜ் ஓடறதில்ல."

பதினோரு தடவை விழுந்தார்கள். நான் எண்ணினேன். அவர்களுக்குப் பெரிய அடி எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் எண்ணிக்கையை நிறுத்தியிருப்பேன் என்று சொல்ல முடியாது. கோச் எழுந்து நின்று கத்தினார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். அவருடைய ஷூவும் சாம்பலாகிவிட்டிருந்தது. இருபத்தெட்டுக்குப் பத்தொன்பது என்று ஜெயித்தோம். கூடைப்பந்தில் அது வெட்கப்பட வேண்டிய ஸ்கோர். நான் வெட்கப்படவில்லை.

சென்டர் ஒரே ஒரு முறை எகிறப் பார்த்தாள், இரண்டாவது கால்பகுதியில். ஊன்றிய கால் வழுக்கி, முழங்காலில் விழுந்தாள். பதினோரு கணக்கில் அதை நான் சேர்க்கவில்லை. அதன் பிறகு, நான் சொன்னபடியே, நின்றுகொண்டு ஆடினாள். செலக்டர் அம்மையார் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதினார். இடைவேளைக்குப் பிறகு டீ குடித்தார். கடைசி விசிலுக்கு முன்பே காருக்குப் போனார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. பி.டி. மேடம் பயிற்சியின்போது எங்களை வட்டமாக நிற்க வைத்துப் படித்தார். எங்கள் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழக முகாமுக்கு ஒருத்தி. என் பெயர். யாரும் எகிற முடியாத கோர்ட்டில் பந்தைக் கைவிடாமல் வைத்திருந்தவள்தானே கண்ணில் படுவாள். முதலில் கை தட்டியது சென்டர். இரண்டு தட்டு. பிறகு மற்றவர்கள்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முகாமுக்குப் போனேன், அணியில் மாற்று ஆட்டக்காரியாக இருந்தேன், சான்றிதழ் வாங்கினேன். ரயில்வேக்கு விண்ணப்பிக்கவில்லை, பத்திரிகை வேலைக்கு வந்துவிட்டேன். அவள் விண்ணப்பிக்க அவளிடம் சான்றிதழ் இல்லை. இப்போது அவள் அப்பா போகும் அதே ரயிலில் அவளும் பெங்களூருக்குப் போய்வருகிறாள் என்று அம்மா சொல்கிறாள்.

கடிதம் வந்தபோது சீசனில் இன்னும் நான்கு மேட்ச் பாக்கி இருந்தது. அவள் ஒரு பயிற்சிக்குக்கூட வராமல் இருக்கவில்லை. என்னோடு பேசாமலும் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள். சாக்கு இழுக்க என் எதிர் முனையைப் பிடிப்பாள். மேட்சில் மட்டும், கூடைக்கு அடியில் அவள் கைக்கு வந்த பந்து எதுவும் எனக்கு வரவில்லை. இடது பக்கம் இருப்பவளுக்குக் கொடுப்பாள், சின்னவளுக்குக் கொடுப்பாள், யாரும் இல்லையென்றால் தானே தட்டிக்கொண்டு போவாள். முதல் மேட்சில் தற்செயல் என்று நினைத்தேன். இரண்டாவதில் எண்ணத் தொடங்கினேன். ஸ்கோர் ஷீட்டில் பாஸுக்குக் கட்டம் கிடையாது. அதனால் அது எங்கும் பதிவாகவில்லை.

கடைசி மேட்ச் கோலார் டவுனில், அங்குள்ள கல்லூரியோடு. ஜெயித்தால் லீகில் இரண்டாம் இடம், தோற்றால் பெங்களூர்க்காரர்களுக்குக் கீழே. அந்த இடம் எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று அவளுக்குத் தெரியும். ஒரு பாயின்ட் பின்னால் இருந்தோம். எங்களில் ஒருத்தி போட்ட பந்து வளையத்தில் பட்டு வெளியே வந்தது. நல்ல காய்ந்த தரை. சென்டர் எகிறி, எல்லோருக்கும் மேலே கை கொடுத்து, அதைப் பிடித்தாள். இறங்கியபோது இரண்டு பேர் அவளுக்கு முன்னால் கையை உயர்த்தி நின்றார்கள். கூடையின் மறுபக்கம் நான் தனியாக நின்றேன். நான்கு விநாடி இருந்தது. நான் இரண்டு கையையும் காட்டினேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கண்ணை எடுக்காமல் பார்த்தாள். பந்தை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மணி அடிக்கும் வரை அப்படியே நின்றாள். பிறகு குனிந்து பந்தைத் தரையில் வைத்தாள்.

பி.டி. மேடம் ஓடி வந்தார். "ஏம்மா குடுக்கல? கேப்டன் அங்க ஃப்ரீயா நிக்கறா இல்ல?"

"நான் பாக்கல மேடம்" என்றாள்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "நீ ஃப்ரீயாத்தான இருந்த?"

"இல்ல மேடம்" என்றேன். "என்ன மறிச்சிகினு ஒருத்தி இருந்தா."

அவள் அதற்கும் என் பக்கம் திரும்பவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்து, முழங்கால் பட்டையைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.