படகு வாசலில் ஒரு ‘வாங்க’

இந்த நாட்டில் பிறந்தநாள் வீட்டுக்குப் போனால், பிறந்தநாள்காரருக்கு மட்டும் வாழ்த்துச் சொன்னால் போதாது. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கும் அவருடைய அம்மா, மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் வரை ஒவ்வொருவரிடமும் போய்க் கைகுலுக்கி, ‘கெஃபெலிசிடேர்ட்’ என்று வாழ்த்த வேண்டும். வீட்டுக்காரர்கள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார்கள். வந்தவன்தான் சுற்றி வர வேண்டும். அதற்குக் கூலி ஒரு துண்டு கேக். ராட்டர்டாமுக்கு வந்த புதிதில், விருந்தாளி போய் வீட்டுக்காரரை வரவேற்கும் ஊர் இது என்று தேவகோட்டையில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்போது அக்கா என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். விசேஷ வீட்டு வாசலில் வீட்டுக்காரர் நின்று, வருகிறவர் முகத்தைப் பார்த்து ஆளுக்கு ஒரு ‘வாங்க’ சொல்ல வேண்டும். பொதுவாக ஒரு கும்பிடு போட்டால் கணக்கில் வராது. நான்கு வருடங்களுக்கு முன் காரைக்குடியில் வீடு கட்டிப் பால் காய்ச்சினேன். அக்காவும் அவள் கணவர் அத்தானும் படியேறும் நேரம் பார்த்து ராட்டர்டாம் ஆபீசிலிருந்து போன். காதில் போனும் வாயில் இங்கிலீஷுமாகத் தலையை மட்டும் ஆட்டினேன். அத்தான் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அக்காவைக் கூட்டிக்கொண்டு, கை நனைக்காமல் தேவகோட்டைக்கே திரும்பிவிட்டார். “சீமைக்குப் போயி மாடு மாதிரித் தலையாட்டக் கத்துக்கிட்டாக” என்று ஊர் முழுக்கச் சொன்னாராம். ஒரு சொல்லுக்கு இத்தனை வீம்பா என்று நானும் முறுக்கிக்கொண்டேன். அம்மா போனபின் எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அக்கா. அவள் குரலைக் கேட்டு நான்கு வருடம் ஆகிறது. அது வலிக்கிறது, மறைப்பானேன்.

இங்கே என் வேலை, மாநாட்டுக்கு வருகிற பிரதிநிதிகளைப் படகில் ஏற்றித் துறைமுகம் காட்டுவது. கையில் ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள். இது பாலம், இது பளுதூக்கி, இது இன்னொரு பளுதூக்கி. மழைக்கு ஒதுங்க இடமில்லாத இந்தத் தகரப்பெட்டிக் காட்டை அழகு என்று நான் சொல்ல வேண்டும். பிரதிநிதிகளும் கண்டெய்னருக்கு முன்னால் நின்று, பெண் பார்க்கப் போனவர்கள் மாதிரிச் சிரித்துப் படம் எடுப்பார்கள். மறுநாள் பஸ்ஸில் கிண்டர்டைக் கிராமத்துக் காற்றாலைகள். தண்ணீரை வெளியே இறைத்துத் தள்ளுவதற்கு இத்தனை காற்றாலை! நாங்கள் ஊருணியில் ஒரு சாண் தண்ணீர் நிற்காதா என்று வானத்தைப் பார்த்தவர்கள். கொழுப்பெடுத்த ஊர் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே, வாயால் பெருமை பேசுவேன்.

இந்த முறை நீர் மேலாண்மை மாநாடு. பெயர்ப் பட்டியலில் அத்தான் பெயர் இருந்தது. பொதுப்பணித்துறை எஞ்சினியர், செட்டிநாட்டு ஊருணிகளைப் பற்றிக் கட்டுரை படிக்க வருகிறார். என் மேலதிகாரியான டச்சுக்காரி மரைக்காவிடம், “படகு வாசலில் நின்று ஒவ்வொருவரையும் நானே வரவேற்கிறேன்” என்றேன்.

“எதற்கு? மைக் இருக்கிறதே. ஒரு தடவை சொன்னால் அறுபது பேருக்கும் கேட்கும்.”

“என் அக்கா கணவர் வருகிறார். அவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும்.”

“ஓ, காது கேட்காதா? முன் வரிசையில் உட்கார வைக்கலாம்” என்று இரக்கத்தோடு குறித்துக்கொண்டாள்.

அவளுக்கு விளக்கினால் விடிந்துவிடும். தலையை ஆட்டிவைத்தேன், அதுதான் நமக்கு நன்றாக வருமே.

மறுநாள் காலை படகு வாசலில் நின்றேன். கோட்டும் கழுத்தில் அட்டையுமாக வந்தவர்களுக்கெல்லாம் ‘வெல்கம்’ சொன்னேன். கடைசியில் குரங்குக் குல்லாயோடு அத்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. வீம்பெல்லாம் எங்கே போனதோ, கை தானாகக் குவிந்தது.

“வாங்க அத்தான். வாங்க.”

அத்தான் நின்றார். என் கழுத்தில் தொங்கிய ஆபீஸ் அட்டையைப் பார்த்தார், படகைப் பார்த்தார்.

“‘வாங்க’ன்னு கேட்டதுல சந்தோசம் மாப்ள. இது யாரு வீடு?”

“அத்தான்…”

“சம்பளத்துக்கு நின்னு கேக்குறீக. அதெப்புடி ஒங்க ‘வாங்க’ ஆகும்? காரைக்குடி வீட்டுல பூட்டுத் தொங்குது. அதத் தொறந்துவச்சு, வாசல்ல நின்னு ஒங்க அக்காவ ‘வாங்க’ன்னு கேளுங்க. நடுவுல ஒங்களுக்குப் போன் வந்தாலும் அவ உள்ள வருவா.”

சொல்லிவிட்டு, என்னைக் கடந்து உள்ளே போனார். அவருக்காகவே பெரிய எழுத்தில் பெயர் ஒட்டியிருந்த முன் வரிசை நாற்காலியில் மரைக்கா அவரைக் கைப்பிடித்து உட்காரவைத்தாள். விவரம் புரியாமல் அவரும் உட்கார்ந்தார்.

படகு கிளம்பியது. மைக்கை எடுத்தேன். ‘எங்கள் நகரத்துக்கு உங்களை அன்போடு வரவேற்கிறோம்’ என்பது தாளில் முதல் வரி; பிரதிநிதிகள் கையிலும் அதன் நகல் இருந்தது. எத்தனையோ முறை வாய் கூசாமல் வாசித்த வரிதான். அன்று ‘எங்கள்’ என்பதை மட்டும் விட்டுவிட்டு மீதியை வாசித்தேன். அறுபது பேரில், முன் வரிசையில் இருந்த ஒருவர் மட்டும் தாளிலிருந்து தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.