குடையக்கா குடிவைத்த பேய்

அவள் இருபத்திரண்டு வருஷமாகப் பின்பக்கம் நடந்தே பிழைத்தவள். பழைய நகரத்தைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு முகத்தைக் காட்டி, போகிற திசைக்கு முதுகைக் காட்டி, மடக்கிய சிவப்புக் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பேசிக்கொண்டே நடப்பாள். எங்கே படி இறங்குகிறது, எங்கே சாக்கடை மூடி தூக்கிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் அவள் குதிகாலுக்கு மனப்பாடம். வீட்டிலும் அதே பழக்கம். சமையலறையிலிருந்து பேசிக்கொண்டே பின்னால் நடந்து வந்து, இரண்டு முறை கணவரின் மடியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஊரில் எல்லோருக்கும் அவள் குடையக்கா.

மற்ற வழிகாட்டிகள் கேட்டதைச் சொல்வார்கள். குடையக்கா கேள்வி கேட்பாள். நகர மண்டபத்துக்கு முன்னால் ஒரு பிரபுவின் சிலை இருக்கிறது. அதன் வலது காலைத் தடவினால் பரீட்சையில் தேறலாம் என்று நம்பிக்கை. தடவித் தடவிக் கால் பளபளவென்று மின்னும். "தாராளமாத் தடவுங்க," என்பாள். "கோட்டை கட்டின ஆளுங்களுக்கு நாலு வருஷம் கூலி கொடுக்காத கால் இது. உங்க பிள்ளைக்கு மார்க் கொடுக்கும்னு நீங்க நம்பினா சரிதான்." அமைச்சரின் மனைவி மானம் காக்கக் குதித்ததாகச் சொல்லப்படும் கிணற்றருகே நின்று, "குதிச்சாங்கன்னு எழுதி வெச்சது யாரு? அவங்க புருஷன்," என்று சொல்லிவிட்டு, கூட்டத்திலிருக்கும் கணவன்மார்களை ஒரு முறை சுற்றிப் பார்ப்பாள்.

அவளுக்கு ஒரு பெரிய கோபம் உண்டு. இந்த ஊரில் பேயாக அலைகிறவர்கள் எல்லாம் ஏன் தனியாக வாழ்ந்த பெண்களாகவும் வேலைக்காரிகளாகவுமே இருக்கிறார்கள்? ஒரு வட்டிக்கடைக்காரன்கூட ஏன் அலையவில்லை? அவனுக்கு மட்டும் செத்த பிறகு அவ்வளவு நிம்மதியா?

அப்படிப்பட்டவள்தான் அந்தத் தப்பைச் செய்தாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம். மணிக்கூண்டுக்குள் ஒரு நேரத்தில் ஒரு கூட்டத்தைத்தான் விடுவார்கள். முன்னால் போன கூட்டம் இறங்குகிற வழியாகத் தெரியவில்லை. குடையக்காவின் பின்னால் நின்றவர்கள் ஒரு காப்பீட்டு அலுவலகத்து ஊழியர்கள். மேலாளர் கட்டாயப்படுத்தி இழுத்து வந்திருந்தார். முதல் வரிசையில் ஒருவர் கொட்டாவி விட்டார். வழிகாட்டிகளுக்குக் கொட்டாவியைவிடப் பயங்கரமான வியாதி கிடையாது. ஒருவருக்கு வந்தால் மொத்தக் கூட்டத்துக்கும் பரவும். எதிரே ஒடுக்கமான ஒரு மாடி வீடு. கீழ் ஜன்னலில் ஒரு அம்மாள் தையல் மிஷின் மேல் குனிந்து, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள். குடையக்காவின் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"இருநூறு வருஷத்துக்கு முன்னாடி இந்த வீட்டுல ஒரு தையல்காரி இருந்தா. கல்யாணமே ஆகாதவ. ஊர்ப் பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாண உடை தைக்கிறது அவதான். தைக்கும்போது கீழ் மடிப்புக்குள்ள தன்னோட முடி ஒண்ணை வெச்சுத் தைச்சுடுவாளாம். அவ தைச்சதைப் போட்ட ஏழு பொண்ணுங்களும் வருஷம் திரும்பறதுக்குள்ள..."

கொட்டாவி நின்றது. போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மேலே எழுந்தன. கூட்டத்தைப் பார்த்த ஜன்னல் அம்மாள், மரியாதைக்குச் சிரித்துக் கையை ஆட்டினாள். மேலாளர்தான் முதலில் அலறினார்.

ஒரு நாள் சமாளிப்புக்குச் சொன்ன கதை. மறுநாளே ஒரு கூட்டம், "அந்தத் தையல் பேய் வீடு எங்கே?" என்று கேட்டு வந்தது. மற்ற வழிகாட்டிகள் பிடித்துக்கொண்டார்கள். வழிகாட்டிகள் சங்கத்தின் செயலாளர் வாயில் ஏழு மணப்பெண்கள் பதினொரு பேர் ஆனார்கள். அவருக்கு நினைவுப்பொருள் கடை ஒன்றும் உண்டு. கறுப்பு அட்டையில் ஒரு ஊசியைக் குத்தி, 'சாப ஊசி' என்று விற்றார். குடையக்காவும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சும்மா கதைதானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு.

அவள் கணவர் மின்வாரியத்தில் மீட்டர் பார்க்கிறவர். ஒரு நாள் மாலை சட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டே சொன்னார்: "இன்னைக்கு உன் பேய் வீட்டுக்குப் போயிருந்தேன்."

"என்னங்க, மிஷின் தானா ஓடுதா?"

"ஓடவே இல்லம்மா, அதுதான் விஷயம். முன்னாடி ஓடினதுல கால்வாசிகூட மீட்டர் ஓடல. பூட்டின வீடோன்னு நினைச்சுத் தட்டினேன். அந்தம்மா உள்ளேதான் சும்மா உட்கார்ந்திருக்கு. மீட்டர் பொய் சொல்லாது. உன்னை மாதிரி இல்ல."



மறுநாள் காலையில் முதல் வேலையாகக் குடையக்கா குடை இல்லாமல் அந்த வீட்டுக் கதவைத் தட்டினாள். ஒற்றை அறை. சுவரில் கத்தரிகள் அளவு வாரியாகத் தொங்கின. தலையில்லாத துணிப் பொம்மை மேல் ஒன்றும் போர்த்தியிருக்கவில்லை. மேஜையில் பள்ளிக்கூடச் சட்டைகள் ஒரு குவியல், பக்கத்தில் பட்டன் டப்பா.

"குடை இல்லாம வந்தா அடையாளம் தெரியாதுன்னு நினைச்சீங்களா?" என்றாள் தையல்காரம்மா. "உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஊசி கிடக்கும்."

குடையக்கா வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்: "ஒரு நாள் ஜன்னல் பின்னாடி நின்னு உங்க கதையை முழுசாக் கேட்டேன். நல்லாத்தான் சொல்றீங்க. எனக்கே முதுகு சிலிர்த்துப் போச்சு."

"நான் உங்களைச் சொல்லலைங்க. அது இருநூறு வருஷத்துக்கு முன்னாடின்னு..."

"ஜன்னல்ல தெரியறது நான்தானே? எங்கம்மா காலத்துலேருந்து இங்க கல்யாண உடைதான் வேலை. போன வருஷம் ஒரு பொண்ணோட அம்மா வந்து, வெட்டின துணியை அப்படியே திருப்பி வாங்கிட்டுப் போனாங்க. வெட்டின துணியை! 'உங்க மேல சந்தேகம் இல்லம்மா, ஆனாலும் எதுக்கு வம்பு'ன்னாங்க. அதோட சரி. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஒரு கல்யாண உடையாவது கைக்கு வரலேன்னா மிஷினை வித்துட்டு என் அக்கா வீட்டுக்குப் போகணும். அவளுக்கு நாலு பேரப்பிள்ளைங்க. அதுங்க மூக்கைத் துடைச்சே என் காலம் போயிடும்."

குடையக்கா வெளியே வந்தபோது, வட்டிக்கடைக்காரனைப் பற்றி ஊரெல்லாம் பேசிய வாய் தன்னுடையதுதானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. தனியாக வாழ்கிற பெண், கையில் ஊசி. அவசரத்துக்கு அவளுக்கும் அதுதான் அகப்பட்டது.

அன்றைக்கே அந்த வீட்டுக்கு முன்னால் கூட்டத்தை நிறுத்தி, உள்ளதைப் போட்டு உடைத்தாள். "இந்தக் கதை பொய். நான்தான் கட்டினேன். ஒருத்தர் கொட்டாவி விட்டார், அதனால."

கூட்டம் அர்த்தத்தோடு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. ஒரு டாக்டர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "சரி. இவ்வளவு வீடு இருக்க, இந்த வீட்டை ஏன் தேர்ந்தெடுத்தீங்க?"

"எதிர்ல இருந்தது, சார்."

"அப்படித்தான் உங்களுக்குத் தோணும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஏதோ ஒண்ணு உங்களைச் சொல்ல வெச்சிருக்கு."

ஆறு வருஷம் மருத்துவம் படித்தவர்! கூட்டம் முன்பைவிட அதிகமாகப் படம் எடுத்தது. பத்து நாள் சொல்லிப் பார்த்தாள். 'மறுக்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு' என்று புதிதாக ஒரு கிளைக்கதை முளைத்ததுதான் மிச்சம்.

செயலாளரிடம் போனாள். அவர் அட்டையில் ஊசி குத்திக்கொண்டிருந்தார்.

"நிறுத்தறதா? நல்லா இருக்கே! நீ பெத்தே, நாங்க வளர்த்தோம். இப்ப அது ஊர்ச் சொத்தும்மா."

"அந்தம்மா பொழப்பு போகுது அண்ணே."

"கதையில பேய்னு ஒண்ணு இருந்தா, அது யார் வீட்டுலயாவது இருந்துதானே ஆகணும்?"

"அதுவும் சரிதான்," என்று சொல்லிவிட்டுக் குடையக்கா வந்துவிட்டாள்.

மறுநாள் மணிக்கூண்டு தாண்டியதும் கூட்டத்தை இரண்டு தெரு தள்ளி, முனையிலிருந்த மூன்று மாடி வீட்டுக்கு அழைத்துப் போனாள். நீலக் கதவு, இரும்புப் பூவேலை செய்த பால்கனி. செயலாளரின் சொந்த வீடு.

"இத்தனை நாள் தப்பான வீட்டைக் காட்டிட்டோம். நகராட்சி கதவு எண்ணை மாத்தினப்ப வந்த குழப்பம். உண்மையான பேய் வீடு இதுதான். தையல்காரி பாவம், ஒண்ணும் பண்ணல. இங்க இருந்த துணி வியாபாரிதான் எல்லாம். புதைச்ச உடம்புங்க மேலேருந்து உருவின துணியைத் துவைச்சு, கல்யாணத் துணின்னு வித்தவன். இப்பவும் மாடியில முழம் போட்டுக்கிட்டு அலையறான்."

பேய் இல்லை என்றபோது நம்பாதவர்கள், பேய் வீடு மாறிவிட்டது என்றதும் மறுபேச்சில்லாமல் நம்பினார்கள். ஒருவர்கூட ஆதாரம் கேட்கவில்லை. மற்ற வழிகாட்டிகளும் ஒரே வாரத்தில் மாற்றிக்கொண்டார்கள். முனை வீட்டெதிரே நிழல் நன்றாக இருந்தது. பொய்யை இன்னொரு பொய்யால் அடிக்கிறோமே என்று குடையக்காவுக்கு உறுத்தியது. ஆனாலும், கடைசியில் ஒரு பணக்கார ஆண் பேய் கிடைத்த திருப்தியையும் அவளால் மறைக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் செயலாளர் தன் வீட்டு வாசல் படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்திருந்தது.

"உனக்கு மனசாட்சி இருக்கா? அடுத்த மாசம் என் பொண்ணுக்குக் கல்யாணம்! மாப்பிள்ளையோட பெரியம்மா உன் கூட்டத்துலயே நின்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. 'மாடியில யாரோ முழம் போடறாங்களாமே'ன்னு போன்!"

"கதைதானே அண்ணே. ஊர்ச் சொத்து."

"என் வீட்டுல பேய் கிடையாது!"

"அந்தம்மா வீட்டுலயும் கிடையாது."

"என்ன வேணும் உனக்கு?"

"ஆளுங்க குடியிருக்கிற வீட்டைப் பத்தி யாரும் கதை சொல்லக் கூடாதுன்னு சங்கத்துல தீர்மானம் போடுங்க. இன்னொண்ணு. தீர்மானம் போட்டா கதை நிக்கும். போன வேலை திரும்பி வராது. உங்க பொண்ணு கல்யாண உடையை அந்தம்மாகிட்டத் தைக்கக் கொடுங்க. அதைப் போட்டுக்கிட்டு அவ ஊர் முன்னாடி நிக்கட்டும்."

"அங்கேயா? அந்த வீட்டுலயா?" செயலாளரின் குரல் கீச்சென்றது. "அதுல... ஒருவேளை..."

"ஒருவேளை என்ன அண்ணே? பதினொரு பேர்னு கணக்கு ஏத்தினது நீங்கதானே?"

மேலே பால்கனியிலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "போட்டுக்கப் போறது நான். யாராவது என்னைக் கேட்டீங்களா? அப்பா, நான் அங்கேயே தைச்சுக்கறேன். என் சிநேகிதி அக்காவோட உடை அந்தம்மா தைச்சதுதான். ரெண்டு குழந்தை பெத்து, நல்லா குண்டா இருக்காங்க."

அந்த வாரமே அவசரக் கூட்டம் நடந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்த செயலாளர், விஞ்ஞான யுகத்தில் பேய் பிசாசு என்று பேசித் திரிவது எவ்வளவு பெரிய அறியாமை என்பதைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கினார். கடைசிவரை கை தட்டியவள் குடையக்கா ஒருத்திதான். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது, தையல்காரம்மா வீட்டில் பெண்ணுக்கு உடையைப் போட்டுப் பார்த்தார்கள். குடையக்காவும் போயிருந்தாள். உடையைக் கழற்றிப் பொம்மை மேல் மாட்டியதும், பெண்கள் மூவரும் கை நீளத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, செயலாளர் தரையில் மண்டியிட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கீழ் மடிப்பை அங்குலம் அங்குலமாகப் புரட்டிக்கொண்டே பொம்மையைச் சுற்றி வந்தார். முக்கால் சுற்று முடிந்தபோது எதிரே தையல்காரம்மாவின் கால்கள் நின்றன.

"என்ன தேடறீங்க சார்?"

"இல்ல... தையல் நெருக்கமா இருக்கான்னு..."

"மீதியையும் பார்த்துடுங்க. ஆனா அந்தப் பக்கம் குண்டூசி எடுக்கல."

"ஆ!" என்றார் செயலாளர்.

கல்யாணம் நடந்தது. அந்த உடையைப் பார்த்த இரண்டு அம்மாக்கள் தம் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மிஷின் விற்பனை பற்றிய பேச்சு அடங்கியது. தையல்காரம்மாவின் மீட்டர் மறுபடி சுற்றுகிறது என்று கணவர் வந்து சொன்ன மறுநாள், குடையக்கா ஜன்னலருகே போய் நின்றாள். உள்ளே மேஜை நிறையத் துணி. மூன்று வருஷத்துக்கும் சேர்த்து ஒரு பெரிய மன்னிப்பைத் தயாரித்துக்கொண்டு வந்திருந்தாள். பேசிப் பிழைக்கிறவள் ஆயிற்றே, நல்ல ஏற்ற இறக்கத்தோடு ஆரம்பித்தாள்.

தையல்காரம்மா ஊசியைக் கண்ணுக்கு நேரே பிடித்தபடி, நிமிராமல் சொன்னாள்:

"மன்னிக்கிறதைப் பத்தி மெதுவாப் பார்ப்போம். இப்பக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மூணு வருஷமா வெளிச்சத்தை மறைச்சுக்கிட்டே நிக்கறீங்க, நூல் கோர்க்க முடியல."