அம்மா வானை எடுத்துக்கொண்டு போன நாள்

எங்கள் வீட்டில் எந்தப் பிறந்தநாள் நடந்தாலும், கேக் வெட்டி முடிந்ததும் அப்பாவின் கூட்டாளி ஒருவர் எழுந்து நின்று ஒரு கதை சொல்வார். பிரான்சில் சுற்றுலாக்காரர் தங்கும் ஒரு முகாம் திடலில், நாங்கள் தங்கியிருந்த வான் வண்டி நின்ற இடத்தில் வண்டி இல்லாமல், புல்லுக்கு நடுவே மீன்குழம்புச் சட்டி மட்டும் மூடியோடு இருந்த கதை. "நாங்கள் பசியோடை வாறம், குழம்பு இருக்குது, வீட்டைக் காணேல்லை!" என்று அவர் கைகளை விரிக்கும்போது வந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அப்பாவும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த வானுக்குள் இருந்தவள் நான். கதை சொல்லுகிறவர் இருக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது. அந்தப் பயணமே அம்மாவின் யோசனை. லண்டனில் எங்கள் இல்ஃபோர்ட் லைப்ரரியில் இருந்து பழைய ஐரோப்பிய நகரங்களின் படப் புத்தகங்களை எடுத்து வந்து, குளிர்காலம் முழுக்க இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் காட்டிக்கொண்டிருந்தார். பிரான்சில் ஸ்ட்ராஸ்பூர்க் தேவாலயத்துக்குள் வீடளவு உயரமான பழைய மணிக்கூடு ஒன்று உண்டு. மத்தியானத்தில் அதிலுள்ள யேசுவின் சீடர்களின் பொம்மைகள் வரிசையாக நடந்து போகும், மேலே ஒரு சேவல் செட்டையடித்துக் கூவும். "அதை மட்டும் ஒருக்கா என்ரை கண்ணாலை பாத்திடோணும்" என்பார் அம்மா. மூன்று பேரும் காரில் போய், மலிவான ஹோட்டல்களில் தங்கி வருவதுதான் அவருடைய திட்டம்.

அப்பா அதை பட்மின்ரன் விளையாடப் போன இடத்தில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இரண்டு கூட்டாளிமார் குடும்பத்தோடு சேர்ந்துகொண்டார்கள். கார் போய் மோட்டார்ஹோம் வந்தது. அடுப்பு, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளே இருக்கிற பெரிய வான். மூன்று குடும்பத்துக்கு மூன்று வான். எங்களுடையதுதான் பெரியது, அதன் அடுப்பும் பெரியது. அந்த அடுப்பைப் பார்த்ததும் பிறந்தநாள்களில் கதை சொல்கிற அந்தக் கூட்டாளி மாமா கைதட்டினார். "அக்கான்ரை கைச் சாப்பாடு இருக்கேக்கை எங்களுக்கு என்ன குறை? இந்த வெள்ளைக்காரன்ரை பாணும் சீஸும் எங்களுக்குச் சரிவராது."

அம்மா சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் கடைசியாகச் சிரித்தார் என்று நினைக்கிறேன்.

பெல்ஜியத்தில் ப்ரூஜ் நகரத்தின் கால்வாய்களில் நாங்கள் படகில் போனபோது அம்மா திடலில் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். கென்ட் நகரத்துக் கோட்டைக்கு மேலே நாங்கள் நின்றபோது சட்டி கழுவிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில், ட்ரியரில் ரோமர்கள் கட்டிய கறுத்த வாசலுக்கு முன்னால் அப்பாவும் கூட்டாளிமாரும் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். திரும்பி வந்து ஃபோனை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார் அப்பா. "இஞ்சை பாருமப்பா, இதுதான் அந்த வாசல். நேரிலை பாத்த மாதிரித்தான்." வெங்காயம் வெட்டிய கையால் ஃபோனைத் தொடக்கூடாது என்று அம்மா தலையை மட்டும் நீட்டிப் பார்த்தார்.

வான் ஓட்டவும் விடவில்லை. லண்டனில் அம்மாவுக்கு வேலையே அதுதான். நடக்க ஏலாத பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கும் மினிபஸ்ஸை மழையிலும் பனியிலும் ஓட்டுகிறவர். வாடகைக்கு எடுத்தபோது அவருடைய பெயரையும் சாரதியாகப் பதிந்திருந்தார்கள். இருந்தும், "பெரிய வான், வலப்பக்க ரோட்டு, உமக்கு ஏலாது" என்று அப்பா வானின் திறப்பை எடுத்துத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

ஸ்ட்ராஸ்பூர்க்கில் அம்மா காலையிலேயே தலைவாரி, நீலச் சட்டை போட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். முதல் நாள் பின்னேரம் சந்தையில் மாமா ஆசைப்பட்டு வாங்கிய மீன் குளிர்ப்பெட்டியில் இருந்தது.

"அக்கா, இண்டைக்கு வைக்காட்டி மீன் பழுதாப்போம். நீங்கள் வைச்சுப்போட்டுப் பின்னேரம் ஆறுதலாப் போங்கோவன். மணிக்கூடு எங்கை ஓடப்போகுது?" என்றார் மாமா.

"மத்தியானத்திலை மட்டும்தான் அந்தப் பொம்மையள் வரும்" என்றார் அம்மா. மாமாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அப்பாவைப் பார்த்துச் சொன்னார்.

அப்பா சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். "அடுத்த முறை வரேக்கை பாப்பமப்பா" என்றார், நிமிராமலே.

எனக்குக் குதிக்காலில் சப்பாத்து வெட்டிப் புண்ணாகியிருந்தது. நொண்டிக்கொண்டு வரவேண்டாம், அம்மாவோடு நில் என்று விட்டுவிட்டுப் போனார்கள். எனக்கு வந்த கோபத்தை யாரிடம் காட்டுவது? அம்மாதான் பக்கத்தில் இருந்தார். கதவை உதைத்தேன். அவர் மீனை வெட்டத் தொடங்கினார். மாமாவின் மனைவி, நாங்கள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், வாசலில் குந்தியிருந்து வெங்காயம் உரித்தார். மற்ற அன்ரி கைக்குழந்தையோடு நித்திரை.

குழம்பு கொதித்து இறங்குகிற நேரம் அம்மாவின் ஃபோன் சத்தமிட்டது. அப்பா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அந்த மணிக்கூடு. சனத்தின் தலைகளுக்கு மேலாலே, ஆடி ஆடி, பொம்மைகள் ஒவ்வொன்றாக நடந்து போயின. சேவல் கூவியபோது மாமாவும் சேர்ந்து கூவிச் சிரித்தது கேட்டது. கீழே அப்பா எழுதியிருந்தார்: 'நீர் ஆசைப்பட்டது.' பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அம்மா அதை முடியும்வரை பார்த்தார். பிறகு அடுப்பை நிற்பாட்டினார். காஸ் சிலிண்டரைப் பூட்டினார். குழம்புச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு இறங்கி, புல்லில் வைத்து, மூடியால் மூடினார். வெளியே இழுத்து விட்டிருந்த பந்தலைச் சுருட்டினார். கரண்ட் வயரைக் கழற்றினார். ஒவ்வொன்றையும் அவர் செய்த விதத்தில் ஓர் அவசரமும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னக்கா செய்யிறியள்?" அன்ரி எழுந்துவிட்டார்.

"நான் போறன். வாறியோ?"

அன்ரி கையிலிருந்த வெங்காயத்தைப் பார்த்தார். பட்டணப் பக்கம் பார்த்தார். ஒரு கால் எங்கள் வானின் படியில்கூட ஏறிவிட்டது. பிறகு இறங்கியது. "அவர் ஏசுவாரக்கா" என்றார்.

மாற்றுத் திறப்பு மேசை இழுப்பறையில் இருந்தது. அம்மா ஏறியிருந்து கண்ணாடிகளைத் தனக்கேற்ற மாதிரித் திருப்பி வானை எடுத்தார். அந்தப் பெரிய வான், அப்பா ஒவ்வொரு முறையும் வியர்த்து, வாய்க்குள் பேசி, மூன்று பேர் கை காட்டத் திருப்புகிற வான், ஒரே வீச்சில் திடல் வாசலால் வெளியே போனது.

"அப்பா ஏசப்போறார்" என்று நான் கத்தினேன்.

"பெல்ற்றைப் போடு" என்றார் அம்மா.

யாரிடமும் வழி கேட்காமல் ஒரு மணித்தியாலம் தெற்கே ஓடி கொல்மார் என்ற சின்னப் பட்டணத்துக்கு வந்தோம். புத்தகத்தில் நான் பார்த்த இடம்தான். மரச்சட்டம் வைத்துக் கட்டிய, வளைந்த, மஞ்சளும் ரோஸுமான வீடுகள். எனக்கு நடக்க நோகும் என்று அம்மா ஒரு பழைய செருப்பைத் தந்து கையைப் பிடித்துக்கொண்டார். மெதுவாகப் போனோம். கால்வாய் ஓரம் ஒரு சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்தார். பரிமாற வந்த பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டு, வெங்காயம் போட்டுச் சுட்ட ஒரு தட்டையான பண்டம் எடுத்தார்.

ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். அப்பாவின் குரல் எனக்கும் கேட்டது.

"எங்கை நிக்கிறீர்? உமக்கு என்ன விசரே? எல்லாரும் பசியோடை நிக்கினம். சோறும் இல்லை, அரிசியும் வானுக்கை."

"நான் சாப்பிடுறன்" என்றார் அம்மா. "வீடியோ எடுத்து அனுப்பட்டோ? நேரிலை சாப்பிட்ட மாதிரித்தான் இருக்கும்."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. குரல் உயரவே இல்லை. ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தட்டில் இருந்ததை ஒரு துண்டும் மிச்சம் விடாமல் சாப்பிட்டார். நல்லாயிருக்கா என்று கேட்டேன். "உறைப்பு இல்லை, புளிப்பு இல்லை" என்றார். "ஆனா நல்லாயிருக்கு."

ஒரு படமும் எடுக்கவில்லை. ஒரு தேவாலயத்துக்குள்ளும் போகவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி வெகுநேரம் இருந்தார். எனக்குச் சலித்தது. அப்பாவிடம் போகவேண்டும் என்று சிணுங்கத் தொடங்கினேன். அம்மா என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்தார்.

பட்டணத்துக்கு வெளியே பெரிய வட்டச் சந்தி ஒன்று. ஒரு பாதையில் ஸ்ட்ராஸ்பூர்க் என்று பலகை. இன்னொரு பாதையில் பாஸல், அதைத் தாண்டினால் சுவிஸ். அம்மா ஸ்ட்ராஸ்பூர்க் பாதையில் திரும்பவில்லை. பாஸல் பாதையிலும் திரும்பவில்லை. வட்டத்தைச் சுற்றினார். திரும்பவும் அந்தப் பலகை வந்தது, போனது. இன்னொரு சுற்று. பின்னால் வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அம்மாவின் இரண்டு கைகளும் ஸ்ரியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தன.

வலப்பக்கம் ஓடிப் பழக்கமில்லாத அம்மா குழம்பிவிட்டார், பாவம், என்று நினைத்தேன். பலகைகளை வாசிப்பதில் நான் வகுப்பிலேயே கெட்டிக்காரி.

"அம்மா, அந்தா, அதுதான் எங்கடை ரோட்டு!" என்று விரலை நீட்டிக் காட்டினேன்.

"ஓமோ?" என்றார் அம்மா. சிக்னலைப் போட்டுத் திருப்பினார்.

திடலுக்கு வந்ததும் முதலில் ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னது அதைத்தான். அம்மாவுக்கு வழி தெரியவில்லை, நான்தான் சொல்லிக் கூட்டிவந்தேன் என்று. அப்பா என்னைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.