பெயர் சூட்டும் நேரத்தில் சூரியன்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் அம்மாவின் முருகன் படம் முதலில் வரும். அடுத்து பெரியப்பாவின் இராகு கால நேரம். அதன் வாலைப் பிடித்துக்கொண்டு நான் அனுப்பும் சூரிய நிலவரம் வரும். சூரியனில் கரும்புள்ளி எப்படி, வெடிப்பு ஏதும் உண்டா, அதனால் செயற்கைக்கோள்களுக்குத் தொல்லை வருமா என்றெல்லாம் எழுதி, மேலே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு வட்டம் போட்டு அனுப்புவேன். யாரும் படிப்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சிவப்பு வட்டம் வந்த நாளில் அம்மா புது அரிசி மூட்டையைப் பிரிப்பதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. உடனே சிரித்துத் திருத்தியிருக்க வேண்டும். திருத்தவில்லை. பெரியப்பாவின் இராகு காலத்துக்குப் பக்கத்தில் என் வட்டத்துக்கும் ஒரு மரியாதை கிடைத்துவிட்டதே என்று உள்ளூர ஒரு குளிர்ச்சி.

இந்த மார்ச்சில் அக்காவின் பெண் குழந்தைக்குப் பெயர் சூட்டு விழா வந்தது. அத்தான் சரவாக் கடலில், எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் கொண்டுபோகும் கப்பலில் வேலை செய்கிறார். லீவு கிடைக்கவில்லை. ஆனால் பெயரைத் தேர்ந்தெடுத்தது அவர்தான். அதை அக்காவிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். "மொதல்ல அவ காதுல நான் சொல்றேன். அப்புறம்தான் நீங்கெல்லாம் கேக்கணும்" என்று பிடிவாதம். கப்பலுக்குச் செயற்கைக்கோள் வழியாக இணையம் உண்டு. வீடியோவில் வந்து, குழந்தையின் காதருகே வைத்த போனில் மூன்று தரம் பெயரைச் சொல்வது என்று ஏற்பாடாயிற்று.

ஐயர் சனிக்கிழமை விடிகாலை நேரம் குறித்துக் கொடுத்தார், இராகு காலம் பிறக்கும் முன்பே முடிந்துவிடும்படி. அந்த நேரத்துக்கு அத்தான் கேப்டனிடம் அனுமதியும் வாங்கிவிட்டார். அந்த வாரத்தின் நடுவில் சூரியனில் ஒரு பெரிய வெடிப்பு. அங்கிருந்து கிளம்பிய துகள் மேகம் சனிக்கிழமை காலை பூமியைத் தொடலாம் என்று எச்சரிக்கை வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குழுவில் சிவப்பு வட்டம் போட்டேன். அது போதாமல் நேரே அக்காவிடமே போனேன்.

"அக்கா, சனிக்கிழமை விடிகாலை வேணாம். புயல் வருது."

"மழையா?"

"மழையில்ல, சூரியப் புயல். சாட்டிலைட் லைனெல்லாம் ஆடிப்போயிரும். அத்தான் பேசறப்ப கட்டாயிட்டா?"

அக்கா குழந்தைக்குச் சட்டை மாற்றிக்கொண்டிருந்தாள். "அவரு அந்த நேரத்த கெஞ்சி வாங்கியிருக்காருடா."

"திரும்பக் கேக்கச் சொல்லு லா. பதினோரு மணிக்கு மேல எல்லாம் அடங்கிரும்."

"உறுதியா?"

"உறுதியா."

எச்சரிக்கையில் 'தொடலாம்' என்றுதான் இருந்தது. அந்த 'லாம்' என் வாய்க்கு வரும்போது காணாமல் போய்விட்டது. அதோடு, இப்படிப்பட்ட புயல் கப்பலின் பெரிய டிஷ் தட்டு வழியாகப் போகும் இணையத்தை அவ்வளவாகத் தொடாது. அதை விளக்கும் கட்டுரையை நானே ஒருமுறை குழுவில் போட்டிருக்கிறேன். ஆனாலும் புயல் என்ற சொல் என்னை இழுத்துக்கொண்டு போயிற்று.

நேரம் மாறியது. அத்தான் மறுபடி கெஞ்சினார். தன் வேலையை நண்பனோடு மாற்றிக்கொண்டார். ஐயர் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு நடுவில் எங்களைச் செருகினார். கடல் பாலத்துக்கு அக்கரையில், புக்கிட் தெங்கா தொழிற்சாலையில் வேலை செய்யும் அத்தானின் அக்கா, அதாவது குழந்தைக்கு அத்தை, தன் ஷிப்டை மாற்றி எழுதிக்கொடுத்தார். எல்லாம் என் ஒரு வட்டத்துக்காக.

சனிக்கிழமை எழுந்ததும் நிலவரம் பார்த்தேன். பச்சை. மேகம் பூமியை உரசியும் உரசாமலும் விலகிப் போயிருந்தது. விடிகாலை நேரமே போதுமானதாக இருந்திருக்கும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. வேட்டி கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். தாய்மாமன் மடியில்தான் குழந்தை இருக்க வேண்டும்.

பாலம் தாண்டி வந்த அத்தை வாசலிலேயே ஆரம்பித்தார். "எங்க தம்பி உன் புயல்? நான் பாத்தது பிரிட்ஜ்ல ஜாம் மட்டும்தான்."

"அடங்கிருச்சுக்கா."

"எங்கிட்ட கேக்காமலேயே அடங்கிருச்சா?"

அக்கா போனைப் பிடித்தாள். அத்தான் தெளிவாக வந்தார். ஆரஞ்சு நிற வேலை உடுப்பு, தண்ணீர் தொட்டு வாரிய தலை, பின்னால் சாப்பாட்டு அறையில் கூடியிருந்த நண்பர்கள். "மச்சான், உன் புண்ணியத்துல காலையில நல்லா தூங்கினேன்" என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பச்சை வட்டம் பையிலிருந்த போனுக்குள் இருந்தது.

"அப்பா, இப்ப சொல்லுங்கோ" என்றார் ஐயர்.

அத்தான் முன்னால் குனிந்தார். வாய் திறந்தது. படம் அப்படியே நின்றது. பிறகு கட்டம் கட்டமாக உடைந்தது. போனிலிருந்து மணல் கொட்டுவதுபோல ஒரு சத்தம், அதன் பிறகு அதுவும் இல்லை.

நான் சிரித்தேன்.

அதை எழுதாமல் விட முடியாது. "பாத்தீங்களா, சொன்னேன்ல?" என்று மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, முகமெல்லாம் பல்லாகச் சிரித்தேன். புயல் கடைசியில் என்னைக் கைவிடவில்லை என்ற நிம்மதி. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள்.

என் போனை எடுத்தேன். இன்னும் பச்சை. அப்போதுதான் இது மார்ச் என்பது உறைத்தது.

மார்ச்சிலும், அதேபோல ஆண்டின் பின்பாதியிலும், சில நாட்களுக்குச் சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். செயற்கைக்கோளைப் பார்த்துக்கொண்டிருக்கும் தரைத் தட்டு சூரியனையும் சேர்த்துப் பார்க்கும். செயற்கைக்கோளின் மெல்லிய குரல் சூரியனின் இரைச்சலில் மூழ்கிவிடும். சில நிமிடங்கள்தான். இதற்குப் புயல் வேண்டாம், வெடிப்பு வேண்டாம், சும்மா இருக்கிற சூரியனே போதும். எந்த இடத்தில் எந்த நேரம் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். அந்த வாரம் எங்கள் வீட்டு டிவியே தினமும் ஒருமுறை நின்றது. "பாரு, சூரியன் பின்னால வந்துருச்சு" என்று மொட்டை மாடித் தட்டை நானே வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். அத்தானின் கப்பலுக்கு இணையம் தரும் செயற்கைக்கோளுக்கு எந்த நேரம் என்று மட்டும் தேடவில்லை. அதில் பரபரப்பு ஒன்றும் இல்லையே.

ஐயர் மணியைப் பார்த்தார். "அத்தை சொல்லலாம், முறைதான்" என்றார்.

"சொல்றேன் சாமி. என்ன பேர சொல்ல? எனக்கே சொல்லாம மறைச்சு வெச்சிருக்கான், திருட்டுப் பய."

அக்கா தலையை ஆட்டினாள். "வேணாம். அவரே சொல்லட்டும்." ஐயர் அட்சதை தூவிவிட்டு கிரகப்பிரவேசத்துக்குக் கிளம்பினார். இணைப்பு திரும்பியபோது அத்தான் திரையில் இல்லை. செய்தி ஒன்று வந்து விழுந்தது. அக்கா சத்தமாகப் படித்தாள்.

"கேட்டுச்சா? மூணு தடவையும் சொன்னேன். உங்க எல்லாரையும் நல்லா பாத்தேன். மச்சான் சிரிச்சதுலயே தெரிஞ்சிருச்சு, பேரு புடிச்சிருச்சுன்னு. இங்க பசங்க கை தட்டினாங்க. டெக்ல கூப்பிடறாங்க, போறேன்."

எப்படி என்று எனக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எங்கள் படம் கப்பலுக்குத் தடையில்லாமல் போய்க்கொண்டிருந்தது. கப்பலிலிருந்து வருவதை வாங்கும் கரை நிலையத்தின் தட்டுதான் சூரியனைப் பார்த்துக் குருடாகிவிட்டது. அவர் மகளுக்குப் பெயர் சொன்னார். பதிலுக்கு என் சிரிப்பைப் பார்த்தார்.

"கேட்டுச்சுன்னு போட்டுரு" என்றார் அத்தை. "பாவம், சந்தோஷமா போயிருக்கான். பேர அப்புறம் எப்படியாவது புடுங்கிக்கலாம்."

"பொய் சொல்லிட்டு எந்தப் பேர சொல்லிக் கூப்பிடறது?" அக்கா போனை என்னிடம் நீட்டினாள். "நீயே எழுது."

'சூரியன் குறுக்கே வந்துருச்சு அத்தான்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தேன். சூரியன் எங்கும் வரவில்லை, வழக்கமாகப் போகும் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. அழித்தேன். 'கேக்கல அத்தான். நேரத்த மாத்தச் சொன்னது நான். நான் சிரிச்சது பேருக்கு இல்ல' என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக் விழுந்து நின்றது. யாரும் வடையைத் தொடவில்லை. அத்தை மட்டும் கேசரியை டப்பாவில் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பினார். "தம்பி, இனிமே அந்த வட்டத்த எனக்கு அனுப்பாத. எனக்கு உங்க பெரியப்பா போதும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

இருட்டத் தொடங்கிய பிறகு அத்தான் கூப்பிட்டார். முகத்தில் எண்ணெய்க் கறை. கேப்டன் இன்னொரு தரம் பேச விட்டிருக்கிறார். நிலநடுக்கோட்டுக்கு அருகே, நம் பக்கத்து வானத்தில் சூரியன் விழுந்த பிறகுதான் காற்றின் மேலடுக்கு கொந்தளிக்கும், சில சிக்னல்கள் தடுமாறும். அது எனக்குத் தெரியும். இந்த முறை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அறைக்குள் போகப் பார்த்தேன்.

"மச்சான் எங்க?" என்ற குரல் போனிலிருந்து வந்தது. "அவன் மடியிலதான் வெக்கணும்."

பழைய டி-சட்டையோடு மறுபடி உட்கார்ந்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. என் கைகளும் அவளும் மட்டும் தெரியும்படி முகத்தை ஓரமாக இழுத்துக்கொண்டேன். அத்தான் பெயரைச் சொன்னார். இரண்டாம் தரம் சொன்னபோது அவள் தும்மினாள். மூன்றாம் தரம் அக்காவும் கூடச் சொன்னாள். ஒரு எழுத்துகூட உடையவில்லை.

"இப்ப சிரிக்கலாம் லா, மச்சான்" என்றார் அத்தான்.

முகத்தைப் படத்துக்குள் கொண்டுவர என்னால் முடியவில்லை.