ஏழு மணி விரல்

காலை ஏழு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போதே மணிக்காரர் கைப்பேசியைத் துடைத்து மேசைமேல் வைத்துவிடுவார். ஏழுக்கு அது கூவும். உடனே ஆள்காட்டி விரலைப் பின்பக்கக் கேமராமேல் அழுத்தி, ஒரு நிமிடம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பார். கேமரா வெளிச்சத்தில் விரல்நுனி சிவந்து தெரியும். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

அறுபத்தைந்து தாண்டியவர்களின் இதயத் துடிப்பு தாளம் தப்புகிறதா என்று பார்க்கும் செயலி அது. மருத்துவமனை நர்ஸ் பதினான்கு நாளைக்குப் போட்டுக் கொடுத்திருந்தார். துடிப்பு சீராக இருந்தால் பச்சையில் ‘ஒழுங்கு’ என்று வரும். இல்லாவிட்டால் ஆரஞ்சில் ‘ஒழுங்கற்றது’. பதிவு நேரே நர்ஸுக்குப் போய்விடும்.

ஒழுங்கைப் பற்றி அவருக்கா பாடம் எடுப்பது! முப்பத்திரண்டு வருடம் தொழிற்சாலை வாசலில் வருகை நேரம் பார்த்தவர்; மணிக்காரர் என்ற பெயரே அதில் வந்ததுதான். வருகிறவர்கள் அட்டையைக் கடிகாரத்தில் செருகி நேரத்தைக் குத்திக்கொண்டு உள்ளே போக வேண்டும். வராத கூட்டாளிக்காக எவனாவது குத்திவிட்டால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். “கடிகாரம் வந்துட்டான்னு சொல்லுது. ஆள் எங்கடா?” என்பார். மாட்டியவன் அசடு வழிந்துகொண்டு நிற்பான். ஓய்வுக்குப் பிறகு அதட்டுவதற்கு மனைவி ஒருத்திதான் மிச்சம். அவள் அதைக் காதிலேயே போட்டுக்கொள்வதில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு நாலு ஆரஞ்சு விழுந்திருக்கிறது, உடனே வாருங்கள் என்று நர்ஸிடமிருந்து அழைப்பு. மணிக்காரருக்கு ஒன்றும் ஓடவில்லை. தன் கண்ணால் பார்த்ததெல்லாம் பச்சை! மனைவியையும் கூட்டிக்கொண்டு போனார். மாடிப்படியில் பாதியிலேயே அவள் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டாள். “நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன். இந்தக் கால் ஒண்ணு படுத்துது.”

உள்ளே அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, மார்பில் ஒயர்களை ஒட்டி இசிஜி எடுத்தார்கள். காகிதத்தில் கோடு பிசகாமல் ஓடியது. நர்ஸ் காகிதத்தையும் கணினியையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு ஐயா. சில பேருக்குத் துடிப்பு விட்டு விட்டுத்தான் தப்பும். ஆனா உங்களுக்கு…”

“நான் ஒழுங்கா இல்லையா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கம்மா. எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல.”

அப்போதுதான் மூச்சு வாங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்த மனைவி சிரித்தாள். “கல்யாணமான நாள்லேருந்து எனக்கும் அதே சந்தேகம்தான்.”

நர்ஸ் தேதிகளைப் பார்த்துச் சொன்னார். “ரெண்டு புதன், ரெண்டு சனி. மத்த நாளெல்லாம் பச்சை.”

மணிக்காரரின் கை தானாகத் தாடைக்குப் போயிற்று. புதனும் சனியும் அவர் முகம் மழிக்கும் நாள். அதுவும் சரியாக ஏழு மணிக்கு. நாற்பது வருட வழக்கத்தை ஒரு செயலிக்காக ஏழு ஐந்துக்குத் தள்ளுவாரா? செயலியைக் காக்கவைக்கவும் மனசு வராது. அந்த நாலு நாளும் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து மனைவிக்குக் குரல் கொடுத்தது அவரேதான். “ஏம்மா, அது கூவுது பாரு! உன் விரலை வச்சு அமுக்கு!”

“ஏதோ ஆரஞ்சுக் கலர்ல வருதுங்க.”

“வந்தா வரட்டும். நேரத்துக்கு வச்சியா, அதைச் சொல்லு!”

முதலில் அவருக்கு வெட்கம்தான் வந்தது. அடுத்தவனுக்காகக் குத்தியவனையெல்லாம் பிடித்தவர், அதே குற்றத்தை, அதுவும் நாலு தடவை, தானே செய்ய வைத்திருக்கிறார். அப்புறம்தான் மற்றது உறைத்தது. படியில் நின்றது யார்? இன்னும் மூச்சு வாங்குவது யாருக்கு?

ஒயர்களை எடுக்கும்வரைகூடப் பொறுக்காமல் எழுந்து உட்கார்ந்தார். “அந்த நாலும் என் விரல் இல்லம்மா. இவ விரல்.”

நர்ஸ் சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்,” என்றாள் அவள், இடையில் ஒருமுறை மூச்சை நிறுத்தி இழுத்துக்கொண்டு. “எனக்கு அறுபத்தஞ்சே ஆகல. இவர் சொல்றாருன்னு நீங்க வேற…”

மணிக்காரர் மார்பு ஒயர்களைக் கழற்றிவிட்டுக் கட்டிலைவிட்டு இறங்கினார். ஒரு கையால் அவளுடைய ஆள்காட்டி விரலை இறுகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தான் படுத்திருந்த இடத்தை அவளுக்காகத் துடைத்துவிட்டார்.