முதுகு சாயாத திங்கட்கிழமை

சித்தியின் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் எல்லோரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். முன் சீட்டுக் கம்பியில் துண்டை மடித்து வைத்து, அதில் நெற்றியைச் சாய்த்துத் தூங்கிவிடுவார்கள். விடியும் முன்பே எழுந்து சமைத்து வைத்துவிட்டு வரும் பெண்கள். தொழிற்சாலை கேட் வரும்வரை கிடைப்பதுதான் அவர்களுடைய மிச்சத் தூக்கம்.

சித்திக்கு அங்கே செக்கிங் வேலை. தைத்து வரும் சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா, காலர் கோணியிருக்கிறதா என்று நாள் முழுக்க மேஜை முன் நின்று பார்க்க வேண்டும். போன வருடம் ஒரு சட்டைக் கட்டைத் தூக்கினாள்; மணிக்கட்டு உடைந்தது. விழவில்லை, எங்கும் இடித்துக்கொள்ளவும் இல்லை. எலும்பு சல்லடையாகிவிட்டது என்றார் டாக்டர். கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்றே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவை உடைஞ்சா வீட்லயே இருந்துக்கோங்கக்கா. எனக்கு மேஜையில ஆள் நிக்கணும்."

"என் மேஜையில வேற ஒருத்தி நிக்கறத நான் பார்க்கணுமாம். பார்த்துடலாம்" என்று வீட்டில் வந்து பொரிந்தாள் சித்தி.

டாக்டர் எலும்புக்கு எழுதிக் கொடுத்தது வாரம் ஒரு மாத்திரை. வெறும் வயிற்றில், டம்ளர் நிறையத் தண்ணீரோடு. பிறகு அரை மணி நேரம் படுக்கக் கூடாது, குனியக் கூடாது, டீ கூடாது. கால்சியம் மாத்திரை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தனியாக. சேர்த்துப் போட்டால் முதல் மாத்திரை உடம்பில் சேராது. லீவு நாளான ஞாயிற்றுக்கிழமை போடலாமே என்றேன்.

"வாரத்துல அந்த ஒரு காலையிலதான் எழுந்ததும் டீ கைக்கு வருது. அதுவும் உன் சித்தப்பா போட்டு. அத எந்த மாத்திரைக்கும் விட்டுத்தர மாட்டேன்."

திங்கட்கிழமை, பஸ்ஸில் ஏறியதும் என்று அவளே முடிவு செய்தாள். நெஞ்சு எரிய ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் நிறுத்தியும் விட்டாள். "எலும்பைக் காப்பாத்த நெஞ்சைக் கொளுத்திக்கணுமா?"

டாக்டரிடம் மறுபடி அழைத்துப் போனேன். தொண்டையைப் பார்த்துவிட்டு, சொன்னபடி போட்டால் எரியாது, மீறி எரிந்தால் மாத்திரைக்குப் பதில் ஊசி இருக்கிறது என்றார். என் ஆராய்ச்சிக்கூடமும் அந்த பஸ் போகும் வழியில்தான். சித்தி எப்படிப் போடுகிறாள் என்று பார்க்க, டிரைவரிடம் கேட்டுக்கொண்டு அடுத்த திங்கள் நானும் ஏறினேன். சித்தி மாத்திரையை வாயில் போட்டாள், ஒரு வாய் தண்ணீர் குடித்தாள், நெற்றியைக் கம்பியில் சாய்த்தாள்.

"சித்தி, குனியக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல?"

"நான் எங்கடி குனிஞ்சேன்? தூங்கறேன்."

அந்த பஸ்ஸில் யாருக்கும் அது குனிவதாகத் தோன்றியதே இல்லை. இப்படிச் சாய்ந்தால் மாத்திரை உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்குகிறது என்று விளக்கினேன். முறைத்துக்கொண்டே தண்ணீர் முழுவதையும் குடித்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண் சொருகியதும் குரல் கொடுத்தாள்.

"டிரைவர் தம்பி, லைட்டப் போடுங்க."

"அக்கா, உங்க எலும்புக்கு எங்க தூக்கமா கூலி?" என்று முனகினாள் பக்கத்து சீட்டுக்காரி. சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலை வெட்டுபவள். வாயும் அப்படியே என்பதால் எல்லோருக்கும் அவள் கத்தரி. "அதோட கால்சியம் தின்னா மூளை துருப்பிடிக்குமாம். போன்ல பார்த்தேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஆராய்வதே அதைத்தான். மூளைச் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவில் கால்சியம் அளவுமீறிக் குவிந்தால் செல்லை அரிக்கும் கழிவு பெருகக்கூடும். சில நிலைமைகளில் குறையவும் கூடும். ஆனால் நான் பார்ப்பது எலி மூளையிலிருந்து பிரித்தெடுத்ததை. விழுங்கும் மாத்திரை நேராக அங்கே போய்க் கொட்டுவதில்லை, ரத்தத்தில் அதன் அளவை உடம்பு கட்டுக்குள் வைக்கிறது... சொல்லச் சொல்ல எனக்கே மூச்சு முட்டியது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வீட்டில் எதைக் கேட்டாலும் இப்படித்தான் சுற்றி வளைக்கிறேன். தெரியாததாலா, தப்பாகிவிடுமோ என்ற பயத்தாலா?

"போடலாமா, வேணாமா? அதச் சொல்லு" என்றாள் சித்தி.

"டாக்டர் சொன்ன அளவு போடலாம். அதுக்கு மேல வேணாம்."

"இதுக்கா இத்தனை வருஷம் படிச்ச?"

பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்களும் தூக்கம் வராமலிருக்க சித்தி கத்தரியோடு வலியச் சண்டை இழுத்தாள். எரிச்சல் நின்றது. ஒரு திங்கள் கத்தரி சண்டைக்கு வரவில்லை. பையிலிருந்து அதே மாத்திரை அட்டையை எடுத்து, ஒன்றைப் பிரித்துப் போட்டு, தண்ணீர் பாட்டிலைக் காலி செய்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எப்ப இருந்துடி?"

"உங்க கை உடையறதுக்கு முன்னாடியே எழுதிக் குடுத்தாங்க. தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிடுவாங்கன்னு அட்டையப் பிரிக்கவே இல்ல."

தொழிற்சாலைக்கு முந்தைய நிறுத்தத்தில் சூப்பர்வைசர் ஏறினார். எல்லோரும் சாய்ந்திருக்க, விளக்குக்குக் கீழே இரண்டு பேர் மட்டும் விறைப்பாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். "என்ன ரெண்டு பேரும் பொம்மை மாதிரி?"

கத்தரி அட்டையைக் கைக்குள் மூடினாள். சித்தி அவள் விரல்களைப் பிரித்து, அட்டையை வாங்கி உயர்த்திக் காட்டினாள்.

"எலும்பு மாத்திரை சார். ரெண்டு பேருமே போடறோம். இவ கை உடையல, என் கை இன்னொரு தடவை உடையாது. யார அனுப்பறதா இருந்தாலும் ரெண்டு பேரையும் சேர்த்து அனுப்பணும். அப்புறம் அந்த ரெண்டு மேஜையிலயும் நீங்கதான் நிக்கணும்."

தூங்குவது போலிருந்த பின் சீட்டுகளில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். இன்னும் அரை மணி ஆகவில்லை என்று சித்தி கத்தரியின் தோளைத் தட்டி நிமிர்த்தினாள்.