அம்மா கடை திறந்த காலை

காலை ஏழு மணி பத்து நிமிடம். மாடி ஜன்னலிலிருந்து நான் முதலில் கண்டது, எங்கள் கடையின் மூடிய ஷட்டருக்கு முன்னால் பட்டு வேட்டியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்த ஒருவரை.

கண்டி நகரில் பெரியப்பா வைத்திருந்த பூசைச் சாமான் கடை அது. மேல்மாடியில் எங்கள் வீடு. வந்தவர் அன்று கலியாணம் நடக்கவிருந்த ஒரு மாப்பிள்ளையின் தகப்பனார். மஞ்சள் கயிற்றில் கோக்கச் சொல்லி முதல் நாள் மாலை தாலியைப் பெரியப்பாவிடம் கொடுத்திருந்தார். கோத்த தாலி, கலியாணச் சாமான்களோடு ஒரு பெட்டியில் உள்ளே இருந்தது. கலியாணம் பிலிமத்தலாவையில். பெரியப்பாவோ இரவு கலகெதரவில் உறவினர் வீட்டில் தங்கிவிட்டார். விடியற்காலை மழையில் வீதியில் மரம் விழுந்து, அவர் ஏறிய பஸ் நடுவழியில் நின்றது.

கடையின் இன்னொரு சாவி எங்கள் அலுமாரியில் இருந்தது. ஆனால் காலையில் ஷட்டரைத் தூக்கி விளக்கேற்றுவது வீட்டின் மூத்த ஆண் மட்டுமே. அதன்பிறகு நாள் முழுவதும் அம்மா வியாபாரம் பார்க்கலாம், மூட்டை தூக்கலாம், கடனுக்கு வந்தவர்களைத் திட்டலாம். திறப்பது மட்டும் ஆகாது. அப்பா ஊரில் இருந்திருந்தால் அவர் திறந்திருப்பார். அவருக்குக் கொழும்பில் வேலை.

முந்திய வாரம்தான் இங்கிலீஷ் டியூஷனில், முடியும் என்பதற்குக் ‘கேன்’, அனுமதிக்கு ‘மே’ என்று படித்திருந்தேன். தண்ணீர் குடிக்க ‘கேன்’ போட்டுக் கேட்ட பையனிடம், யாழ்ப்பாணத்து டீச்சர், “குடிக்க உமக்கு ஏலும்தான். நான் விட்டனானோ?” என்றார். ஆகவே கீழே நடப்பது எனக்குத் தெளிவாகவே விளங்கியது. அம்மாவுக்குக் ‘கேன்’ உண்டு, ‘மே’ இல்லை.

“முகூர்த்தம் ஒம்பதுக்கும்மா. தாலி உள்ள கெடக்குது. என் மகன் என்னத்தக் கட்டுவான், செருப்பு வாரையா?” என்றார் பட்டு வேட்டிக்காரர்.

செருப்பு என்றதும் பக்கத்துச் செருப்புக் கடை முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு ‘நானா’, எட்டிப் பார்த்தார். “தொறங்களேன் தங்கச்சி. பெரியவர் கோவிச்சா எனக்கிட்ட அனுப்புங்க. ஒரு ஜோடி செருப்புக் குடுத்துச் சமாளிக்கிறன்.”

அம்மா பெரியப்பாவை அழைத்துப் பார்த்தார். தொடர்பு கிடைக்கவில்லை. மறுபடியும் அழைத்தார். பிறகு மாடிக்கு வந்து சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார், நானும் பின்னால் ஓடினேன். குனிந்தார், ஷட்டர் ஒரே மூச்சில் மேலே போனது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் விளக்கேற்றினார். பெட்டியைத் திறந்து தாலியைக் காட்டி, மூடிக் கொடுத்தார். பட்டு வேட்டிக்காரர் ஏறிய முச்சக்கரவண்டி புகைவிட்டுக்கொண்டு புறப்பட்டது.

அது திருப்பத்தைக் கடப்பதற்குள் பெரியப்பாவின் அழைப்பு வந்தது. அவர் சத்தம் எனக்கே கேட்டது.

“கலியாணக்காரங்க வந்துட்டாங்களாம்மா?”

“வந்துட்டாங்க அத்தான். கடையத் தொறக்கட்டுங்களா?”

“அதான் தொறந்தாச்சே!” என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினார்.

மறுமுனையில் ஒரு செருமல் கேட்டது. பிறகு பெரியப்பா கனத்த குரலில், “சரி, தொற. எடது பக்கத்த மொதல்ல தூக்கு, இல்லாட்டி இறுகிக்கும். வெளக்குத் திரி மேல் தட்டுல இருக்கு” என்றார்.

“சரிங்க அத்தான். சரிங்க அத்தான்.” எரியும் விளக்கைப் பார்த்துக்கொண்டே அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். பெரியப்பாவின் கதிரையில் மட்டும் உட்காரவில்லை.

திறந்துவிட்ட கடையைத் திறக்க எதற்காகக் கேட்க வேண்டும்? அடுத்த வகுப்பில் டீச்சரிடமே கேட்டேன். செய்து முடித்த பிறகு அனுமதி கேட்பதற்கு என்ன சொல் போடுவது என்று. அவர் வெகுநேரம் சிரித்தார். “அதுக்கு இங்கிலீசில சொல் இல்லைப் பிள்ளை. கொம்மாட்டையே கேளும்.”

அம்மாவிடம் கேட்டபோது அவரும் சிரித்துவிட்டு, விளக்குத் திரியை எடுத்து வைக்கப் போனார். இரண்டு பெரியவர்களுக்கும் விளங்கிய ஏதோ ஒன்று எனக்கு விளங்கவில்லை.

அடுத்த மாதம் பெரியப்பா இரண்டு நாள் மட்டக்களப்புக்குப் போனார். போகும்போது கடையைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. இரண்டு நாளும் கடை வழக்கமான நேரத்துக்கே திறந்திருந்தது.